ஊசி நிற்காத குழி

களத்துக்கு இனி யாரும் குறிப்பேடு எடுத்துப் போகக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பியவள் நான்தான். நான்கே வரி. குழுத் தலைவியாகி மூன்றாவது வாரம். அன்றைக்கு அது எனக்குப் பெரிய சீர்திருத்தமாகத் தெரிந்தது.

நான் நிலவியல் படித்தவள் என்று சொன்னால் சிங்கப்பூரில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, இங்கே பாறை எங்கே இருக்கிறது என்பதுதான். இருக்கிறது. கட்டடத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ குழி தோண்டும்போது வெளியே வரும். சில நாள்கள், சில சமயம் சில மணி நேரம் மட்டும். பிறகு மேலே சிமென்ட் கலவையைப் பீய்ச்சியடித்து மூடிவிடுவார்கள். அந்த இடைவெளியில் நாங்கள் போய், எந்த அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே விரிசல், விரிசலுக்குள் களிமண் இருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்று வரைந்துகொண்டு வர வேண்டும். மூடிய பிறகு திரும்பப் போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது. நாங்கள் எழுதி வைத்ததுதான் அந்தப் பாறை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்தவை காம்பஸ், சாய்வுமானி, பென்சில், மழையில் ஊறாத தாள் கொண்ட மஞ்சள் குறிப்பேடு. குழியில் எழுதியதை எல்லாம் அலுவலகத்துக்கு வந்து கணினியில் மறுபடி ஏற்ற வேண்டும். ஏழு என்ற எண்ணை ஒன்றாகப் படித்திருக்கிறேன். கிழக்கை மேற்காக ஏற்றி ஒரு பக்கம் முழுவதையும் பாழாக்கியிருக்கிறேன். டேப்லட் வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று. அதைப் பாறையின் மேல் படுக்க வைத்தால் போதும். திசை, சாய்வு, இடம், படம் நான்கும் ஒரே தட்டலில் பதிவாகிவிடும். மாலைக்குள் வரைபடம் தயார். டேப்லட்டை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். இப்போதும் என் பையில் அது இருக்கிறது.

என்னோடு அதே வாரம் வேலைக்குச் சேர்ந்தவள் ஒருத்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அப்பா அரசாங்க எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவள் பொங்கோல் பகுதியில் புது வீடு வாங்கியிருந்தாள். நான் புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்த அதே அடுக்குமாடி புளோக்கில் அம்மாவோடு இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் வேலை சீக்கிரம் முடிந்தால் இரண்டு பேரும் தேக்கா சந்தைக்குப் போய் அப்பம் சாப்பிடுவோம். காலணியில் ஒட்டியிருக்கும் சிவப்பு மண்ணைப் பார்த்து, மேசை துடைக்கிறவர் முகம் சுளிப்பார். பேச்சு பெரும்பாலும் வேலையைப் பற்றித்தான் இருக்கும். யார் எந்தப் பாறையைத் தப்பாகப் படித்தார்கள் என்று சொல்லிச் சிரிப்போம். அந்தப் பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் நிறையவே வரும்.

அவளைப் பழைய காலத்து ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்தில் ட்ரோனை அவளைப்போல் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. டேப்லட்டில் எனக்குத் தெரியாத வசதிகளெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு பாறை முகத்தின் முன் போய் நின்றால், எதையும் அளப்பதற்கு முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்து அதைப் பென்சிலால் வரைவாள். வரையும்போதுதான் கண் எதைப் பார்க்கவில்லை என்று தெரிகிறது என்பாள். அந்த இருபது நிமிடத்தில் நான் பதினைந்து அளவு எடுத்திருப்பேன்.

என் மின்னஞ்சலைப் படித்துவிட்டு அவள் சண்டை போடவில்லை. என் மேசைப் பக்கம் வந்து, "பேட்டரி போனா?" என்று மட்டும் கேட்டாள். பவர் பேங்க் இருக்கிறதே என்றேன். சரி என்று போய்விட்டாள்.

அடுத்த மாதம் வந்த வேலை, புக்கிட் மேராவில், எங்கள் புளோக்குக்கு நேர் எதிரே. மலையடிவாரத்தைக் குடைந்து நிலத்தடிக் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். எட்டாம் மாடி நடைபாதையிலிருந்து அம்மாவுக்குக் குழி முழுவதும் தெரியும். தூசு வருகிறது, துணி காயப்போட முடியவில்லை, எப்போது முடியும் என்று தினமும் என்னிடம் புகார் சொல்வார், நானே தோண்டுவதுபோல.

குழியின் மூன்று பக்கமும் எஃகுத் தகடுகள் இறக்கியிருந்தார்கள். குறுக்கே எஃகு உத்திரங்கள். மலையைப் பார்த்த நான்காவது பக்கத்தில் மட்டும் பாறை வெளியே தெரிந்தது. மணற்கல்லும் களிக்கல்லும் மாறி மாறி அடுக்கடுக்காக. அந்த அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதுதான் கேள்வி. பக்கவாட்டில் சாய்ந்தால் பெரிய கவலை இல்லை. குழியை நோக்கிச் சாய்ந்தால், இடையிலிருக்கும் களி நனையும்போது மேல் அடுக்கு வழுக்கிக் கீழே வரலாம். பாறைக்குள் எத்தனை எஃகுக் கம்பி, எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும் என்பதை எங்கள் அளவுகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எங்களுக்குக் கொடுத்தது இரண்டு நாள்.

முதல் நாள் மதியத்துக்குள் நான் தொண்ணூறு அளவுகள் எடுத்துவிட்டேன். ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. திரையில் எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தன. அடுக்குகள் பக்கவாட்டில் சாய்கின்றன என்று அவை சொல்லின.

அவள் பாறை முகத்தின் மறுகோடியில் குந்தியிருந்தாள். கிட்டே போனபோதுதான் பார்த்தேன், மடியில் மஞ்சள் குறிப்பேடு. கையில் பழைய காம்பஸ். எனக்கு முகம் சூடேறியது. அவள் என் முகத்தைக் கவனிக்கவில்லை.

"இங்க ஊசி நிக்க மாட்டேங்குது. அந்த எஃகுப் பக்கம் போனா ஒரு மாதிரி, இந்தப் பக்கம் வந்தா ஒரு மாதிரி. உன்னோடது என்ன சொல்லுது?"

திரையைக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்குள்ளயும் காந்தம் தானே வேலை செய்யுது. இது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா நம்பர் சொல்லுது?"

"காலையிலேயே கேலிபிரேட் பண்ணிட்டேன் லா."

அவள் பையிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்தாள். குழியின் ஓரத்துச் சுவர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது நில அளவை வரைபடத்தில் துல்லியமாக இருந்தது. அந்தச் சுவருக்கு இணையாக நூலைக் கட்டி, நூலுக்கும் பாறை அடுக்குக்கும் உள்ள கோணத்தைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கோணமானியால் அளந்தாள். காந்தமே தேவைப்படாத முறை. பன்னிரண்டு இடங்களில் அளக்க அவளுக்கு மாலை வரை ஆயிற்று. அவள் எண்களுக்கும் என் எண்களுக்கும் ஏறக்குறைய முப்பது பாகை வித்தியாசம். அவள் கணக்குப்படி அடுக்குகள் குழியை நோக்கிச் சாய்ந்தன.

கரடுமுரடான பாறையில் நூலும் கோணமானியும் வைத்து எடுத்த பன்னிரண்டு அளவு எங்கே, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் தொண்ணூறு எங்கே என்று கேட்டேன்.

"தொண்ணூறும் ஒரே மாதிரி தப்பா இருக்கலாம் இல்ல?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கட்டுமானக் குத்தகையாளரின் பொறியாளர் இரண்டு பேரோடு எங்கள் பக்கம் வந்தார். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். எனக்கு அப்போது பாறை முக்கியமாக இல்லை. என் குழுவில் நான் போட்ட விதியை ஒருத்தி மீறுகிறாள், அதை வெளியாள்கள் பார்க்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது. பிரச்சினை எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "அத உள்ள வை" என்றேன்.

அவள் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து மூட அவளுக்குச் சற்று நேரமானது. நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் இரண்டு நாளும் முடிந்த மறுநாள் சிமென்ட் கலவை பீய்ச்சும் ஆள்கள் வந்தார்கள். குழாயைப் பிடிப்பவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். வேலையைத் தொடங்குவதற்கு முன் என் தோழியிடம், இந்த இடத்தில் நின்று அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவள், கொஞ்சம் தள்ளி அந்த மேட்டின் மேலிருந்து அடியுங்கள் என்றிருக்கிறாள். மேட்டிலிருந்து அடித்தால் குழாய் எட்டவில்லை என்று அவர் என்னிடம் வந்தார். நான் டேப்லட்டைப் பார்த்தேன். நிற்கலாம், பயமில்லை என்றேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் நான் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் உறுதியாயிற்று.

அறிக்கை எழுதும்போது, இரண்டு தொகுதி அளவுகளையும் போடலாம், எது சரி என்று அவர்களே ஒரு முறை சோதிக்கட்டும் என்று அவள் கேட்டாள். இரண்டு எண் கொடுத்தால் குத்தகையாளர் குழம்புவார் என்று சொல்லி, அவளுடைய பன்னிரண்டு வரிகளையும் நான் அழித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. அலுவலகத்தில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்தார்.

"கீழ ஆம்புலன்ஸ் வந்து நிக்குது. அந்தக் குழிக்குள்ள ஒரு பக்கம் அப்படியே சரிஞ்சு கெடக்கு. நீ அங்க இல்லையே?"

இல்லை என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். மலைப் பக்கம் என்றார்.

ஒரு கார் அளவு பாறைப் பலகை, மேலே பூசிய சிமென்ட்டோடு சேர்ந்து, களி அடுக்கின் மேல் வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. ஓரத்தில் விரிசல் விட்ட இடத்தை மறுபடி பூசுவதற்காக, அந்த அறந்தாங்கிக்காரர் கீழே நின்றிருந்தார். உயிர் பிழைத்தார். வலது கால் இரண்டு இடங்களில் முறிந்து, முழங்கால் மூட்டு நொறுங்கியிருந்தது.

மருத்துவமனைக்கு ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். அதற்குள் என் தோழி மூன்று முறை போய் வந்திருந்தாள் என்பது அங்கே போன பிறகு தெரிந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்றேன். வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். வலி எப்படி இருக்கிறது, வீட்டில் பேசினீர்களா என்று எதையோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அவராகவே பேசினார்.

"அன்னைக்கு அந்த மேடம் தள்ளி நிக்கச் சொன்னாங்க. நீங்க நிக்கலாம்னு சொன்னீங்க. நீங்கதான் அவங்களுக்கு மேல உள்ளவங்கன்னு அங்க சொன்னாங்க. அதனால நீங்க சொன்னதையே எடுத்துக்கிட்டேன். இந்தத் தடவையும் அதே எடத்துலதான் நின்னேன்."

குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். பழங்களைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதுவரை நடந்ததில் என் அறியாமைக்கும் பங்கு உண்டு. எஃகுக்குப் பக்கத்தில் காந்தம் பிசகும் என்று முதலாண்டிலேயே படித்தவள்தான். ஆனால் ஊசி ஆடினால் கண்ணுக்குத் தெரியும். காலையில் எஃகுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிசெய்தபோது பிசகிய வடக்கையே டேப்லட் நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்ததால், திரையில் எண் ஆடாமல் நின்றது. ஆடாததை நம்பினேன். அதைத் தவறு என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியும். அடுத்து நடந்ததைத்தான் பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் நிறுவனத்துக்குள் ஒரு விசாரணை நடந்தது. நீள மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நானும் அவளும். சரிந்த இடத்தில் மறுபடி அளந்து பார்த்ததில் திசை முப்பது பாகை பிசகியிருக்கிறது என்றார்கள். வேறு ஏதாவது அளவுகள் எடுக்கப்பட்டனவா என்று பொதுவாகக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்றே நினைக்கிறேன். நான் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

"இருக்கு. ரிப்போர்ட்ல இல்ல," என்றாள்.

குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தாள். படமும் பன்னிரண்டு அளவுகளும் பென்சிலில், தெளிவாக. அவர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். சரியான அளவு குழுவிடம் இருந்தும் ஏன் அறிக்கையில் சேரவில்லை என்று ஒருவர் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதா, அதை நான்தான் சொல்ல வேண்டும் என்பதா, தெரியவில்லை. குழுவுக்குள் தொடர்பு சரியாக இல்லை என்று நான் சொன்னேன். இதைத்தான் சொன்னேன். தொடர்பு சரியாக இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை, பெயர் மட்டும் வேறு. அவள் கடிதத்தைப் படித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தேக்காவுக்குப் போகலாமா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். பிரிவுக்காகக் கேக் வாங்கி வைத்தோம். நான் ஒரு சிறு உரைகூட ஆற்றினேன்.

அதற்குப் பிறகு களப்பணிக்கான புதிய நடைமுறையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அளப்பதற்கு முன் கையால் ஒரு படம் வரைய வேண்டும். டேப்லட் அளவுகளில் பத்துக்கு ஒன்றைக் காம்பஸால் சரிபார்க்க வேண்டும். எஃகுக்கு அருகில் என்றால் இரண்டையும் நம்பாமல், திசை தெரிந்த ஒரு கோட்டிலிருந்து நூல் கட்டி அளக்க வேண்டும். இரண்டு முறைகளும் முரண்பட்டால் இரண்டையும் அறிக்கையில் எழுத வேண்டும். எல்லாம் அவள் செய்தவை, அவள் கேட்டவை. நல்ல நடைமுறை என்று பாராட்டினார்கள். மற்ற நிறுவனத்தாரும் வந்திருந்த ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கருவியையும் கையையும் சேர்த்துப் பயன்படுத்துவது பற்றி அரை மணி நேரம் பேசினேன். கேள்வி நேரத்தில் ஒருவர், இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அனுபவத்தில் வந்தது என்றேன். கைதட்டினார்கள்.

போன ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்தேன். வாழையிலை வாங்கிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இப்போது சாங்கிப் பக்கம் கடற்கரை அரிப்பை அளக்கும் ஒரு குழுவில் இருப்பதாகச் சொன்னாள். அம்மாவை விசாரித்தாள். கூட்டம் இடித்துக்கொண்டே இருந்ததால் ஒரு நகைக்கடை வாசலில் ஒதுங்கினோம். அங்கே நின்றுதான் சொன்னேன். பல தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தும் வார்த்தை சரியாக வரவில்லை.

"அந்த லெட்டர் உனக்கு வந்திருக்கக் கூடாது. ரூம்லயே நான் சொல்லியிருக்கணும்."

அவள் வாழையிலைக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா. சொல்லியிருக்கணும்," என்றாள்.

அதற்கு மேல் அவள் எதையும் சேர்க்கவில்லை. பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேனா என்று பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். எதிர்பார்த்தேன்தான்.

பேச்சை மாற்றி, அந்த அறந்தாங்கிக்காரரோடு தொடர்பு இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் ஊருக்குப் போன புதிதில் இரண்டு முறை பேசினேன், அப்புறம் எண் மாறிவிட்டது போலிருக்கிறது என்றேன். எண் மாறவில்லை என்றாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரோடு பேசுகிறாள். முழங்கால் மடங்காது, ஆனாலும் நடக்கிறார். மனைவியோடு சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். எண்ணை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். பார்க்கலாம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வாரம் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அளவுகளை அழித்தது நான், எச்சரிக்கை எனக்கு மட்டுமே வந்திருக்க வேண்டும் என்று விவரமாக. விசாரணையில் இருந்த மூவரில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பழைய கோப்பு மூடப்பட்டுவிட்டது, உங்கள் நேர்மைக்கு நன்றி என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் நகலை அவளுக்கு அனுப்பலாமா என்று யோசித்து, அனுப்பவில்லை. அனுப்பினால் அது மறுபடியும் என்னைப் பற்றியதாகவே ஆகிவிடும் என்று தோன்றியது.

அறந்தாங்கிக்குப் போன் செய்ய எனக்குத் தை பிறக்க வேண்டியிருந்தது. யாரென்று புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கடையில் ஆள் நின்றார்கள் போல. பருப்பு அரைக் கிலோ என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. அன்றைக்கு மருத்துவமனையில் சொல்லாமல் வந்ததைச் சொன்னேன். நான் நிற்கச் சொன்னது தப்பு, என்னால்தான் உங்களுக்கு அப்படி ஆயிற்று என்றேன். அந்தப் பக்கம் தராசுத் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியும் மேடம்," என்றார். "அந்த மேடமும் நீங்களும் இன்னும் ஒண்ணாத்தான் வேலை பாக்குறீங்களா?"

இல்லை என்றேன்.